எஸ்எஸ்எல்சி பரீட்சைக்குப் படிப்பது எப்படி? எல்லையோரத் தமிழ்வழி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமும், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கமும் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியது இது. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் பள்ளிக்குப் போகிறவர்களுக்காகத் தமிழ்நாட்டுத் தேர்வின் விவரங்களையும் வேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறோம்.

நாலஞ்சு தடவை படிச்சுட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரியுது, பேப்பரைப் பார்த்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. ஏன்?

பரீட்சையில் நீங்கள் செய்யப்போவது புத்தகம் இல்லாமல் எழுதுவது. வீட்டில் செய்து பழகியது புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பது. இரண்டும் வேறு வேலைகள். ஐந்தாவது தடவை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய்விடும். அந்தப் பழக்கத்தைத்தான் ‘தெரியும்’ என்று மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதியவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இன்று ராத்திரி வாசித்தால் நாளைக் காலை தெரிவதுபோலத் தோன்றுவதும், மார்ச்சில் காணாமல் போவதும் இதனால்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு பக்கம் அல்லது ஒரு உட்தலைப்பு, அதற்கு மேல் வேண்டாம். ஒருமுறை புரியும்படி வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ரஃப் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள், படம் இருந்தால் வரையுங்கள். குவிலென்சுப் பாடம் என்றால், பொருள் எங்கே இருந்தால் பிம்பம் எங்கே, பெரியதா சிறியதா, நேரா தலைகீழா என்று ஆறு நிலைகளையும் எழுத முயலுங்கள். பொருள் 2F-இல் (F என்பது குவியம், 2F அதைப்போல் இரண்டு மடங்கு தூரம்) இருந்தால் பிம்பமும் 2F-இல், அதே அளவில், தலைகீழாக என்பது வந்துவிடும். F-க்கும் லென்சுக்கும் நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்ற இடத்தில் பலரும் நிற்பார்கள். உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது மல்லுக்கட்டுங்கள். அந்த மல்லுக்கட்டில்தான் பாடம் தங்குகிறது. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் முழுப் பாடத்தையும் வாசிக்கவேண்டாம், அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மூடிவைத்து எழுதிப் பாருங்கள்.

முதல் வாரம் இது எரிச்சலாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கு இருபது நிமிடம் போகும், பாதிதான் நினைவுக்கு வரும், முன்பைவிட மோசமாகப் படிக்கிறோமோ என்றுகூடத் தோன்றும். பலரும் இந்த இடத்தில் விட்டுவிட்டு வாசிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். பத்து நாள் தாங்கினால் வித்தியாசம் தெரியும்.

ஹைலைட்டர் வைத்துக் கோடு போட்டுப் படிக்கிறேன். அது போதுமா?

போதாது. 2013-இல் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பதும் மேலே நின்றன. அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழே போயின. கோடு போட ஆசை இருந்தால், மூடிவைத்து எழுதியபோது விட்டுப்போன வரிக்கு மட்டும் போடுங்கள். பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கும் புத்தகத்தில் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது.

படித்ததை எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்கணும்?

மறதி முதல் ஓரிரு நாளில்தான் வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885-இல் தன்மேலேயே சோதித்துச் சொன்னது இது. அதனால் முதல் திருப்புதல் மறுநாளே வரவேண்டும். அடுத்தது நாலாம் நாள், பிறகு பத்தாம் நாள், பிறகு ஒரு மாதம் நெருங்கும்போது. நாள் கணக்கு அச்சுப் பிசகாமல் இருக்கவேண்டும் என்பதில்லை, இடைவெளி கூடிக்கொண்டே போனால் போதும்.

பாடத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் நான்கு தேதிகளைக் குறித்துவையுங்கள். பார்த்து முடித்ததும் ஒரு டிக். ஒரு திருப்புதல் பதினைந்து, இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நீங்கள் திருப்பிப் பார்க்கவில்லை, முதலிலிருந்து வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு தேதி தவறிப்போனால் அட்டவணையைக் கிழித்துப் புதிதாகப் போட உட்காராதீர்கள். தவறியதை அடுத்து வரும் நாளில் செருகிவிட்டு மேலே போங்கள். அட்டவணை போடுவதிலேயே ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

சமன்பாடுகள், ஆண்டுகள், இந்திச் சொற்கள் போன்ற துண்டுத் துண்டான விஷயங்களுக்குச் சீட்டு முறை நல்லது. பழைய நோட்டு அட்டையைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. செருப்புப் பெட்டியை மூன்றாகத் தடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சீட்டு முதல் அறையில், அதைத் தினமும் பார்க்கவேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்கு, அங்கே மூன்று நாளுக்கு ஒருமுறை. அதிலும் சரி என்றால் மூன்றாம் அறைக்கு, வாரம் ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் சீட்டு மறுபடி முதல் அறைக்கே வரும். இதை 1970-களில் பரப்பியவர் செபாஸ்டியன் லைட்னர். பஸ்ஸில் பாதி நேரம் போகும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. ஒரு ரப்பர் பேண்டில் இருபது சீட்டு போதும்.

கணக்கு வகுப்பில் புரியுது. வீட்டில் உதாரணக் கணக்கைப் பார்த்தாலும் புரியுது. தனியாகப் போட்டால் வரலை.

உதாரணத்தில் எந்த வழியில் போவது என்பதை ஆசிரியர் முன்பே தீர்மானித்துவிட்டார். பரீட்சையில் அந்தத் தீர்மானம் உங்கள் வேலை. ஒரே பாடத்தின் பயிற்சியில் இருபது கணக்கு வரிசையாகப் போடும்போது, எந்த முறை என்று யோசிக்கவேண்டிய தேவையே வருவதில்லை. தலைப்பே சொல்லிவிடுகிறது.

ரோரரும் டெய்லரும் 2007-இல் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் தனித்தனியாகப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63. பயிற்சியில் நன்றாக வருகிறதே என்று நம்பி ஏமாறுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

புதுப் பாடத்தை முதலில் தொடர்ச்சியாக ஐந்தாறு கணக்கு போட்டுப் பழகுங்கள். அதன்பின் தினமும் ஐந்து கணக்கு, ஐந்தும் வேறு வேறு பாடத்திலிருந்து. உதாரணக் கணக்கைத் தாளால் மறைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கி, அடுத்த வரியை நீங்கள் எழுதிய பிறகு பாருங்கள்.

தப்புகளுக்கு என்று ஒரு தனி நோட்டு வையுங்கள். கணக்கை மறுபடி அழகாக எழுதுவதற்கு அல்ல, தப்பின் காரணத்தை ஒரு வரியில் குறிப்பதற்கு. ஒரு உதாரணம்: கூட்டுத் தொடர்வரிசை ஒன்றின் 5-ஆம் உறுப்பு 23, 12-ஆம் உறுப்பு 58. முதல் உறுப்பு என்ன? உறுப்புகளின் வித்தியாசம் 35, இட வித்தியாசம் 7, ஆகவே பொது வித்தியாசம் 5. 23-இலிருந்து நான்கு முறை 5-ஐக் கழித்தால் முதல் உறுப்பு 3. இதில் ஒருவர் 35-ஐ 12-ஆல் வகுப்பார்: அவருக்கு முறை தெரியவில்லை. இன்னொருவர் 5-ஐ ஐந்து முறை கழித்து ‘–2’ என்பார்: முறை தெரியும், இடம் எண்ணுவதில் பிசகு. மூன்றாமவர் முதல் உறுப்பைக் கேட்க, பொது வித்தியாசத்தோடு நிறுத்திவிடுவார்: கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை. முதலாமவர் பாடத்துக்குத் திரும்பவேண்டும். மற்ற இருவருக்கும் பாடத்தை மறுபடி படிப்பதால் ஒரு பயனும் இல்லை. இரண்டாமவர் விடையைத் திருப்பிப் போட்டுச் சரிபார்க்கவேண்டும், மூன்றாமவர் கேட்டது எதுவோ அதற்கு அடிக்கோடு போட்டுவிட்டுத் தொடங்கவேண்டும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கணக்கில் கடைசிப் பகுதியின் 16 மதிப்பெண் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும். இவற்றின் வகைகள் குறைவு. வாரம் இரண்டு வரைந்தாலே உறுதியாக வாங்கலாம். கூர்மையான பென்சிலும் தளராத காம்பஸும் அங்கே பாதி விடை.

பொள்ளாச்சியில் தமிழ் கைடு ஈசியா கிடைக்குது. அதை வாங்கிப் படிக்கலாமா?

கேரளப் பாடத்திட்டத்துக்கு அது உதவாது. தமிழில் இருப்பது ஒன்றுதான் ஒற்றுமை. பாட வரிசை, ஆழம், கேள்வி கேட்கும் விதம் எல்லாம் வேறு. தமிழ்நாட்டுக் கைடு வரியை அப்படியே எழுதக் கற்றுத்தரும். கேரள வினாத்தாளில் அட்டவணையைக் கொடுத்து நிரப்பச் சொல்வது, படத்தைக் கொடுத்துக் காரணம் கேட்பது, ஒரு சூழ்நிலையைச் சொல்லிப் பாடத்தோடு பொருத்தச் சொல்வது அதிகம்.

உங்களுக்கு முதல் கைடு உங்கள் பாடநூல்தான். கேரளத்தின் பாடநூல்களைத் தயாரிக்கும் எஸ்சிஇஆர்டி தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது. கல்வித்துறையின் ‘சமக்ரா’ தளத்தில் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். பாடத்தின் நடுவே வரும் செயல்பாடுகளையும் கேள்விகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள், வினாத்தாளின் சாயல் அங்கேதான் இருக்கிறது.

பழைய வினாத்தாள் வாங்கும்போதும் கவனம். கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பாடநூல்கள் 2025–26 கல்வியாண்டில் மாறின. 2025 மார்ச் வரையிலான வினாத்தாள்கள் பழைய புத்தகத்தைச் சேர்ந்தவை. கேள்வியின் அமைப்பையும் நேரத்தையும் பழக அவை போதும். பாடத்தில் இல்லாத கேள்வியைப் பார்த்துப் பயப்படவேண்டாம். தமிழ்நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே இப்போதைய பத்தாம் வகுப்புப் புத்தகம் வந்தது 2019–20இல். 2020, 2021 பொதுத்தேர்வுகள் கொரோனாவால் நடக்கவில்லை, 2022 தேர்வு குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் நடந்தது. முழுப் பாடத்துக்கான பொதுத்தேர்வுத் தாள் வேண்டுமென்றால் 2023-இலிருந்து பாருங்கள்.

மலையாளத்தில் கிடைக்கும் மாதிரித் தாள்களை ஒதுக்காதீர்கள். பேச்சு மலையாளம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு மாதம் போதும், அதன்பின் கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்காது.

புத்தகம் தமிழில், டியூஷன் மலையாளத்தில், யூடியூப் ஆங்கிலத்தில். எல்லாம் குழம்புது.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பாடநூலில் உள்ள தமிழ்ச் சொல், மலையாளச் சொல், ஆங்கிலச் சொல்லைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும். முடுக்கம், த்வரணம், ஆக்சிலரேஷன். தனிமம், மூலகம், எலிமெண்ட். மூலக்கூறு, தன்மாத்ர, மாலிக்யூல். இதில் ‘மூலகம்’ என்று டியூஷனில் கேட்டு ‘மூலக்கூறு’ என்று எழுதிவிட்டால் விடையே மாறிப்போகும். வேதியியலில் இந்த ஒரு குழப்பம் மட்டும் எத்தனையோ மதிப்பெண்ணைத் தின்கிறது. பாடத்துக்குப் பதினைந்து சொல்லுக்கு மேல் தேறாது. விடைத்தாளில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

ஆங்கிலப் பத்தி இப்போதைக்கு மட்டும் அல்ல. பிளஸ் ஒன்னில் அறிவியல் எடுத்தால் புத்தகம் ஆங்கிலத்தில் வரும். ஜூன், ஜூலையில் திணறுகிற தமிழ்வழிப் பிள்ளைகள் பெரும்பாலும் பாடத்தில் திணறுவதில்லை, சொற்களில் திணறுகிறார்கள்.

இந்திதான் பெரிய பிரச்சினை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

40 மதிப்பெண் தாள் அது. நாட்குறிப்பு, கடிதம், உரையாடல், திரைக்கதைக் காட்சி, போஸ்டர் என்ற வடிவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் சட்டகத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்: நாட்குறிப்பு என்றால் தேதி எங்கே, எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது. பிறகு பாடத்துக்குப் பாடம் கதாபாத்திரம், நடந்தது, அவருடைய மனநிலை ஆகியவற்றைச் சொல்ல ஆறேழு எளிய வாக்கியங்கள். நீளமாக எழுதப்போய் ஆண்பால், பெண்பால் வினைமுடிவுகளில் இடறுவதைவிடச் சின்ன வாக்கியம் நல்லது. தினமும் கால் மணி நேரம் எழுதிப் பார்த்தால் போதும். வாரக் கடைசியில் மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்காருவது இந்திக்குப் பயன்படாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?

பள்ளி நாளில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், உண்மையாகப் படித்த நேரம். படிப்பு விடுமுறையில் ஆறு மணி நேரம். அதற்கு மேல் உட்காருவது பெரும்பாலும் வெறும் உட்காருதல்தான்.

காலை ஐந்தரை முதல் ஆறரை வரை நேற்றுப் படித்ததை மூடிவைத்து எழுதுங்கள், அதோடு ஐந்து கலப்புக் கணக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு நாற்பது நிமிடம் புதுப் பாடம், பத்து நிமிடம் ஓய்வு. மறுபடி நாற்பது நிமிடம் வேறு பாடம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் சீட்டுகள் அல்லது மொழிப்பாடம். ஒன்பதரைக்குப் படுக்கை. நாற்பது நிமிடம் உட்கார முடியாதவர்கள் இருபத்தைந்தில் தொடங்கலாம். ஓய்வு என்றால் எழுந்து நடப்பது, தண்ணீர் குடிப்பது. போனை எடுத்தால் பத்து நிமிடம் நாற்பதாகும்.

மூணாறு, பீர்மேட்டு எஸ்டேட் லயங்களில் ஒரே அறையில் நாலைந்து பேர் இருக்கிற வீடுகளில் இந்தச் சாயங்கால நேரம் நடக்காது. அங்கே பள்ளி விட்டதும் வகுப்பறையிலோ நூலகத்திலோ ஒரு மணி நேரம் இருந்து எழுத்து வேலையை முடித்துவிட்டு, வீட்டில் சீட்டு மட்டும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ராத்திரி முழிச்சுப் படிப்பதா, விடியக்காலை எழுந்து படிப்பதா?

எது உங்களுக்கு வாகோ அது. தூக்கத்தைக் குறைக்காமல் இருந்தால் சரி. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கத்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். பகலில் படித்தது தூக்கத்தில்தான் நினைவில் உறுதிப்படுகிறது. ஒரு மணிவரை விழித்துவிட்டு ஐந்துக்கு எழுந்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். சாயங்காலம் ஆறுக்கு மேல் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) வேண்டாம்.

மார்ச் மாதம் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியை எட்டும். மத்தியானம் ஒன்று முதல் நாலுவரை தகரக் கூரையின்கீழ் மனப்பாடம் ஏறாது. அந்த நேரத்தைப் படம் வரைவது, நோட்டு ஒழுங்குபடுத்துவது, ஒரு குட்டித் தூக்கம் ஆகியவற்றுக்கு விடுங்கள். கும்ப மாதத்தில் சித்தூர் கொங்கன்படைத் திருவிழா, ஊருக்கு ஊர் ‘வேல’ என்னும் கோயில் விழா, வெடி, மேளம் எல்லாம் பரீட்சை நேரத்தில்தான் வரும். அன்று படிக்கப்போகிறேன் என்று அட்டவணையில் எழுதிவைத்துவிட்டு ஏமாறுவதைவிட, முன்கூட்டியே விடுமுறை என்று எழுதிவிட்டுத் திருவிழாவுக்குப் போய்வரலாம்.

பாட வீடியோவுக்கு மொபைல் வேண்டியிருக்கே?

வேண்டும்தான். கேரள அரசின் கல்விச் சானலான கைட் விக்டர்ஸின் வகுப்புகளில் தமிழ்வழிப் பாடங்களும் யூடியூபில் இருக்கின்றன. வேண்டிய வீடியோவை முந்தின நாளே தேர்ந்து வையுங்கள். பார்க்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதை இரண்டு வரி எழுதுங்கள். நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பார்ப்பது ஐந்தாவது தடவை வாசிப்பதற்குச் சமம். முடிந்ததும் போன் அடுத்த அறைக்குப் போகவேண்டும். சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைப்பது போதாது.

பரீட்சையில் நேரம் போதலை. என்ன செய்வது?

கேரள எஸ்எஸ்எல்சியில் கணிதம், ஆங்கிலம், சமூக அறிவியல் 80 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். மொழித்தாள்கள், இந்தி, இயற்பியல், வேதியியல், உயிரியல் 40 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். இவற்றுக்கு முன்னால் 15 நிமிடம் ‘கூல் ஆஃப்’, அதாவது வினாத்தாளை வாசிக்கும் நேரம்.

கடைசிப் பத்து நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்கினால், 80 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றே முக்கால் நிமிடம். நாலு மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடம். 40 மதிப்பெண் தாளில் அதற்கு எட்டு நிமிடம். வீட்டில் எழுதிப் பார்க்கும்போது இந்த ஏழு நிமிடத்தைக் கடிகாரம் வைத்துப் பழகினால், கை தானாக அளவறிந்து நிற்கும். நன்றாகத் தெரிந்த கேள்விக்கு ஒரு பக்கம் கூடுதலாக எழுதுவதுதான் நேரம் போவதற்கு முதல் காரணம். நாலு மதிப்பெண்ணுக்கு எட்டு மதிப்பெண் அளவு எழுதினாலும் கிடைப்பது நாலுதான்.

கூல் ஆஃப் நேரத்தில் எழுத அனுமதி இல்லை. அதனால் பலரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தெரிவு உள்ள பகுதிகளில் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்துவிடவேண்டும். உட்பிரிவுகள் உள்ள கேள்வியைக் கடைசி உட்பிரிவுவரை வாசித்த பிறகே தேர்ந்தெடுங்கள். ‘அ’ சுலபமாக இருந்து ‘இ’ தெரியாமல் போகும்.

தமிழ்நாட்டில் 10 நிமிடம் வினாத்தாள் வாசிக்க, 5 நிமிடம் விவரம் நிரப்ப, பிறகு மூன்று மணி நேரம். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ஒரு மதிப்பெண் கேள்விகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கட்டாயக் கேள்வி எது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள், தெரிவு எண்ணிக்கையில் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

மாடல் பரீட்சைக்கு முன் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு முழுத் தாளாவது நேரம் வைத்து, நடுவில் எழாமல், எழுதிப் பாருங்கள்.

சிஇ (பள்ளியில் போடும் தொடர் மதிப்பீடு) மதிப்பெண் 20 வந்துடும்னு சொல்றாங்க. அப்புறம் பாஸ் ஆகப் பத்து போதாதா?

மொத்தத்தில் 30 சதவீதம் வந்தால் டி பிளஸ், அதுதான் மேற்படிப்புக்குத் தகுதி. ஆனால் எழுத்துத் தேர்விலேயே தனியாக 30 சதவீதம் வேண்டும் என்ற விதி 2024–25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கி மேல் வகுப்புகளை நோக்கி வருகிறது. சிஇயை நம்பிக் கைவிட்டுப் படிக்கிற காலம் முடிகிறது. மேலே பார்த்தாலும் கணக்கு அதேதான்: 100க்கு 90 எடுத்தால் ஏ பிளஸ். சிஇயில் முழு 20 கிடைத்தாலும் எழுத்தில் 70 வேண்டும்.

கூட்டாகச் சேர்ந்து படிக்கலாமா?

மூன்று பேருக்கு மேல் வேண்டாம். தனித்தனியாகப் படித்துவிட்டு வந்து, ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக் கேள்வி கேட்க மற்றவர்கள் சொல்வது மட்டும். ஒரு மணி நேரம். சேர்ந்து வாசிப்பது பேச்சில் முடியும்.

நாங்க படிக்காதவங்க. பிள்ளைக்கு என்ன உதவி செய்ய முடியும்?

நிறைய. ராத்திரி சாப்பிட்டதும் “இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்று பத்து நிமிடம் கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாமல் இருப்பதே இங்கே வசதி. “அது ஏன் அப்படி?” என்று நீங்கள் கேட்கும் இடத்தில் பிள்ளை தடுமாறினால், அங்கே அதற்கும் பாடம் புரியவில்லை. அதைக் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஏ பிளஸ் எண்ணிக்கையைப் பேச்சில் இழுக்காதீர்கள். பரீட்சை மாதத்தில் கல்யாணம், காதுகுத்து என்று கோயம்புத்தூர், திருப்பூர் பயணம் இருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. ஒண்ணுமே படிக்கலை.

எல்லாவற்றையும் தொடவேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். ஒவ்வொரு பாடநூலின் பொருளடக்கத்தையும் எடுத்து மூன்று குறி போடுங்கள்: தெரியும், அரைகுறை, தெரியவே தெரியாது. முதல் ஒன்பது நாளும் அரைகுறைப் பாடங்களுக்குத்தான். மதிப்பெண் வேகமாகக் கூடும் இடம் அது. தெரிந்த பாடத்தை மறுபடி வாசித்து மனசைத் தேற்றிக்கொள்ள ஆசை வரும், அதற்குத் தினம் பத்து நிமிடச் சீட்டு போதும். தெரியவே தெரியாத பாடங்களில் படம், வரையறை, எளிய ஒரு மதிப்பெண் மட்டும். கடைசி ஐந்து நாள் முழுத் தாள் எழுதி, விட்டுப்போனதைத் திருத்துவது.

புதுக் கைடு, புது டியூஷன், புது யூடியூப் சானல் எதுவும் இந்த இரண்டு வாரத்தில் வேண்டாம்.

ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோனால்?

பேனாவைக் கீழே வைத்து, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள், ஐந்தாறு முறை. பிறகு தெரிந்த சின்னக் கேள்வியில் தொடங்குங்கள், எண்ணை மட்டும் சரியாகப் போட்டு. எழுத ஆரம்பித்ததும் மற்றவை ஒவ்வொன்றாக வரும். ஒரு விடை வராவிட்டால் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். நேரம் வைத்துத் தாள் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு.

ஹால் டிக்கெட், ஒரே மையில் இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல், காம்பஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் முந்தின ராத்திரியே பையில் போகட்டும். கொழிஞ்சாம்பாறை, மறையூர் போன்ற இடங்களில் ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. வழக்கமான பஸ்ஸுக்கு முந்தியதில் ஏறுங்கள்.

ஒரு பரீட்சை முடிந்ததும் விடைகளைச் சரிபார்க்கலாமா?

அடுத்த தாள் முடியும்வரை வேண்டாம். பள்ளி வாசலில் நின்று ‘உனக்கு என்ன விடை வந்துச்சு’ என்று பேசும் அரை மணி நேரம், அன்று சாயங்காலத்தைக் கெடுத்துவிடும். முடிவு வந்தபின் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் கேட்கவும் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. தவறிய பாடங்களுக்கு ‘சே’ பரீட்சையும் உண்டு. இவற்றுக்கான கடைசித் தேதி முடிவு வந்த சில நாளிலேயே வந்துவிடும் என்பதால், முடிவு வந்த அன்றே பள்ளியில் விசாரித்துவிடுங்கள்.